முளைப்பாரிப் படகு

26 அக்டோபர், ஞாயிறு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பாசனச் சங்கப் படகு என் வரைபடம். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அள்ளுவதற்காக, பாலங்களுக்கு அடியில் நுழையும்படி ஒடுக்கமாக வரைந்து கொடுத்தேன். இன்று அதன் பக்கவாட்டில் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்: 'உபயம்: சங்கத் தலைவர் விஜய்ராஜ்.' அவனுக்கு ஸ்குரூவைத் திருகத் தெரியுமா?

27 அக்டோபர்

சங்கக் கூட்டத்தில் கேட்டேவிட்டேன். "ஏப்பா இஞ்சினியரு, படகு ஓடணுமா, ஒம் பேரு ஓடணுமா?" என்றான் விஜய்ராஜ். எல்லோரும் சிரித்தார்கள்.

30 அக்டோபர், வியாழன்

யார் பெயரில் ஓடினாலும் கிரீஸ் வைப்பது நான்தான். படகோட்டி பால்பாண்டியும் நானும் காலையிலேயே கிளம்பினோம். முதல் வளைவிலேயே புரொப்பல்லரில் ஒரு பழைய சேலை சுற்றிக்கொண்டது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி அறுத்து எடுத்தேன். மூங்கில் கழியால் தள்ளித் தள்ளிப் போய், வழியெல்லாம் தாமரையை அள்ளி ஏற்றினோம். பாரம் ஏற ஏற மூக்குப் பக்கம் தாழ்ந்தது.

பார்த்தால் — விஜய்ராஜ் படகுக்கு மேலே புதிதாகப் பந்தல் போட்டிருக்கிறானே, முத்தாலம்மன் பொங்கலுக்கு, அந்தப் பந்தல் கால்களைப் போல்ட் போட்டு முடுக்குவதற்கு என் காற்றுப்பெட்டியிலேயே ஓட்டை போட்டிருக்கிறார்கள்! சொட்டுத் தண்ணீர் புகாமல் அடைத்து வைத்த பெட்டி. படகு கவிழ்ந்தாலும் முங்கவிடாமல் பிடிப்பது அதுதான். பாரம் ஏறியதும் ஓட்டை தண்ணீருக்குள் போய்விடுகிறது. பெட்டிக்குள் களக் களக் என்று சத்தம்.

புதன்கிழமை முளைப்பாரி எடுக்கும் பெண்கள் அத்தனை பேரும் இதில் ஏறிக் கண்மாய் வரை போகப்போகிறார்களாம். தலையில் பானையோடு, நின்றபடி, இந்த ஒடுக்கமான படகில்.

31 அக்டோபர்

ஓட்டையை அடைக்க வேண்டுமானால் பந்தலைக் கழற்ற வேண்டும். கழற்றுவானா? அதில் அவன் படம் போட்ட ஃபிளெக்ஸ் தொங்குகிறது.

"பேரு போடலங்கிற வயித்தெரிச்சல்ல பொம்பளைகளப் பயங்காட்டாதப்பா" என்றான். பால்பாண்டியைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "தலைவரு பாத்துக்கிருவாகண்ணே" என்று தரையைப் பார்த்தான். நேற்று அந்தப் பெட்டியிலிருந்து தன் கையால் தண்ணீரை இறைத்து ஊற்றியவன்!

கையெழுத்துப் போட்டுச் சங்கத்துக்கு ஒரு மனுவும் கொடுத்தேன். டீக்கடையில் அதை வாசித்துச் சிரித்தார்களாம்.

1 நவம்பர், சனி

என் வீட்டுக்காரி சுருளி இந்த வருஷம் முளைப்பாரி போட்டிருக்கிறாள். படகில் ஏறாதே என்றேன்.

"ஆரம்பிச்சுட்டீகளா? எங்க அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போகவிடல, பந்தல்ல கரண்டு அடிக்கும்னீக. அடிச்சுச்சா?"

"இது வேறடி. பெட்டிக்குள்ள தண்ணி போகுது, நான் கண்ணால பாத்தேன்."

"ஒங்களுக்கு ஆகாத ஆளு எதச் செஞ்சாலும் ஒங்க கண்ணுக்கு ஓட்டையாத்தான் தெரியும். ஊரே ஏறுது. நான் மட்டும் கரையில நிக்கணுமாக்கும்?"

இவளுக்கு நீச்சல் தெரியாது. என்ன செய்ய? காலைக் கட்டியா போட முடியும்?

2 நவம்பர், ஞாயிறு

மறுபடி போய்ப் பார்த்தேன். போல்ட்டைச் சுற்றிக் கொஞ்சம் எம்-சீல் பசை அப்பியிருக்கிறார்கள். விரலால் தள்ளினேன், உதிர்ந்துவிட்டது.

மொட்டைக் கடுதாசி எழுதுகிறவனைவிடக் கேவலமானவன் இல்லை என்று ஆயுசு முழுக்கச் சொல்லி வந்தவன் நான். ஆனால் அடியில் என் பெயர் இருந்தால் இந்த ஊரில் பெயரை மட்டும்தான் படிக்கிறார்கள்.

பெரியகுளம் போய் டைப் அடித்து வாங்கி வந்துவிட்டேன். இந்த நோட்டில் இருப்பதுதான். என்னைப் பற்றிய வரிகளையும் விஜய்ராஜைத் திட்டிய வரிகளையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு அரைப் பக்கம்தான் மிஞ்சியது. ஓட்டை எங்கே, பாரம் ஏறினால் என்ன ஆகும், நம்பாதவர்கள் பெட்டியைத் தட்டிப் பாருங்கள் — அவ்வளவுதான்.

நாளை விடிவதற்குள் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டப்போகிறேன், பெயர் போடாமல். பால் ஊற்ற வரிசையில் நிற்கும் பெண்கள் படிப்பார்கள். சுருளியும் நிற்பாள். யாரோ எழுதியது என்றால் கடைசி வரை வாசிப்பாள்.