துருவும் களிம்பும்

ஐப்பசி பதினொன்று, செவ்வாய்.

துருவுக்கும் களிம்புக்கும் என்ன வேறுபாடு என்று இன்று பத்தாம் வகுப்பில் கேட்டேன். மாகறலிலிருந்து வரும் தேவி எழுந்தாள். “துரு இரும்ப உள்ளார தின்னுக்கினே போவும் மிஸ். களிம்பு செம்பு மேலயே பச்சையா நின்னுடும். புளி போட்டுத் தேச்சா பூடும்.”

சரியான விடைதான். உட்காரச் சொன்னேன். அவள் விடவில்லை. “டெய்லி புழங்குற செம்புல களிம்பே வராது மிஸ்!”

வீட்டுக்கு வந்ததும், அவர் இறந்த பிறகு அலமாரியில் வைத்துவிட்ட தண்ணீர்ச் செம்பை எடுத்துப் பார்த்தேன். கழுத்தெல்லாம் பச்சை. கை வலிக்கத் தேய்த்தேன். பழைய பழக்கத்தில் தண்ணீர் நிரப்பி அவர் கட்டிலடியில் வைத்தும்விட்டேன்.

காலையில் அது குறையாமல் இருக்கும். அதைப் பார்க்க என்னால் ஆகாது. விளக்கை அணைக்குமுன் நானே குடித்துவிடுகிறேன்.