ஊதினால் திறக்கும் பாலம்

பிரான்ஸ்,
9 மார்ச் 1979

அன்புள்ள ஜெயத்துக்கு,

நீயும் அம்மாவும் சுகந்தானே? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, குளிர்கூடப் பழகிவிட்டது.

இந்த ஊர் ஆற்றின் மேல் ஒரு கிழட்டு ரயில் பாலம் இருக்கிறது. படகுக்காரன் ஊதினால் நடுப்பாகம் திரும்பி வழிவிடும். அதுவரை ரயில் நிற்க வேண்டும். அதை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதற்குப் படம் வரைவதுதான் இப்போது என் வேலை. புதுப் பாலமும் திறக்கிற மாதிரி வேண்டுமா என்று நேற்றுக் கூட்டத்தில் பேச்சு வந்தது. எப்போதும் வாய் திறக்காத நான் எழுந்து, எவன் ஊதினாலும் திறக்கிற பாலம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "படகுக்காரன் உனக்கு என்ன செய்தான்?" என்று பெரிய எஞ்சினியர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

நேற்றுக் காலையில்தான் உன் கடிதம் வந்திருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எதிர்வீட்டு ரிட்டையர்டு சொல்தாவைப் பற்றி, "ஷார்ல் ஸ்கூட்டர்ல வந்து ஹாரன் அடிச்சாரு, ஓடிப்போய்க் கதவத் திறந்தேன், மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு" என்று எழுதியிருந்தாய். தீபாவளிக் கடிதத்தில் அவர் 'ஷார்ல் அண்ணன்'. அண்ணன் எங்கே போனார்?

கோபமில்லை, சும்மா கேட்டேன்.

கொஞ்சம் வடகம் அனுப்பு. ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்து அதோடு வை. ஸ்டுடியோ பக்கத்தில்தான், நடந்தே போ.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

உன்
கண்ணையன்

பி.கு.: இனி ஹாரன் கேட்டால், முழங்கால் வலித்தாலும் அம்மாவே போய்த் திறக்கட்டும்.