புன்னைக்குத் தெற்கே ஒரு வீடு

பழவேற்காடு
கீலக வருஷம், மார்கழி 6

என் தம்பி குப்பனுக்கு அக்கா இருசம்மாள் சொல்ல, கோட்டை வாசலில் ஓலை எழுதும் சாலமன் எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் சுகமாக இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். மரியாதைக்கென்று சாலமன் ஒரு வார்த்தையை மாற்றினாலும் கருவாடு கிடையாது.

கார்த்திகைப் புயலில் ஏரி குடிசைக்குள் ஏறிவிட்டது. குடிசை போயிற்று. நைனா ஈரத்தில் கிடந்து காய்ச்சல் கண்டு ஒன்பதாம் நாள் போய்விட்டார். கடைசிவரை “குப்பன் வந்துட்டானா?” என்றுதான் கேட்டார். கொள்ளிச்சட்டி தூக்க நீ இல்லாமல் சித்தப்பா மகன் தூக்கினான். இதைச் சொல்லாமல் விட என்னால் முடியவில்லை.

நான் பச்சையம்மா அத்தை வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறேன். அழுது முடிப்பதற்குள் பெரியதனக்காரர் பொன்னுரங்கம் ஏரிப்பாடு பற்றிப் பேச வந்துவிட்டார். நீ ஊரைவிட்டு ஐந்து வருஷம் ஆகிறது, மறந்திருப்பாய். ஏரியில் எந்த வீடு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்று தை மாசம் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்களே, அந்தப் பாடு. அவர் சொன்னது இது: “அடுப்பு எரியற வூட்டுக்குத்தான் பாடு. அதுலயும் ஆம்பள ஒருத்தன் இருக்கணும். உனுக்கு வூடும் இல்ல, ஆம்பளயும் இல்ல. இந்தத் தைக்கு உங்க நைனா பேர்ல ஓடட்டும். அடுத்த தைக்கு உன் தம்பி வூட்டக் கட்டிக்கினு வந்து நிக்கட்டும். இல்லேன்னா எடுத்துடுவோம்.”

பாடு போனால் நான் ஊரார் மீனைக் காயவைத்துக் கூலிச்சோறு தின்ன வேண்டியதுதான். புருஷன் கடலில் போன அன்றுகூட எனக்கு இவ்வளவு பயம் இல்லை. நைனா வீடு இருந்தது, வந்துவிட்டேன். இப்போது எங்கே போவேன்? நீ வா.

உன் அக்கா
இருசம்மாள்

நாகப்பட்டணம்
கீலக வருஷம், மாசி 14

அக்காவின் காலில் விழுந்து தம்பி குப்பன் எழுதுவது. கப்பலில் ஒருவரிடம் எழுத்துக் கற்றுக்கொண்டேன், நானே எழுதுகிறேன். கோணலாக இருக்கும்.

ஓலையைப் படித்துவிட்டு இரண்டு நாள் பாய்மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தேன். என்ன எழுதினாலும் நைனா வரப்போவதில்லை. ஆனால் பாட்டை விடமாட்டேன், அக்கா. வடக்கே நைனாவின் மேட்டுக்காடு சும்மாதானே கிடக்கிறது? ஊர் எல்லைக்குள்தான். அங்கே ஏரி ஏறாது. காட்டை வெட்டு. பாலை மரத்தில் தூண், வேம்பில் கதவு. நாலு அறை வேண்டும். கிழக்கு அறை எனக்கு, கடல் பார்த்து ஒரு சன்னல். கோட்டைக்கு வரும் சரக்கோடு இரண்டு கோடாலியும் ஒரு பை ஆணியும் அனுப்பியிருக்கிறேன்.

மேட்டில் நிற்கும் பெரிய புன்னையை மட்டும் தொடாதே. கடலிலிருந்து பார்த்தால் நம் ஊரில் முதலில் தெரிவது அதுதான். சின்ன வயதில் நைனாவோடு கட்டுமரத்தில் திரும்பும்போது “புன்ன தெரியுதா பாரு”ன்னுதான் கேட்பார். நான் வரும்போது அது நிற்க வேண்டும்.

சித்திரைக்குள் கிளம்பிவிடுவேன்.

குப்பன்

பழவேற்காடு
சௌமிய வருஷம், சித்திரை 21

தம்பிக்கு அக்கா. சித்திரையும் மூன்று வாரம் போய்விட்டது. உன்னைத்தான் காணோம்.

காடு வெட்டுகிறோம். சூரைமுள் கிழித்து என் கை இரண்டும் மீன் செதிலெடுத்த பலகை மாதிரி இருக்கிறது. பாம்பு ஏழு, இதுவரைக்கும். காட்டுப்பள்ளிப் பக்கத்துக் குப்பத்து ஆள் ஒருவர் கூலிக்கு வருகிறார், பேர் தருமலிங்கம். நம் சனம்தான். கட்டுமரம் உடைந்து, பெண்டாட்டியும் பிரசவத்தில் போய், இப்போது மரம் வெட்டிப் பிழைக்கிறார். சோம்பேறி என்று நினைக்கிறேன். ஒவ்வொரு மரத்தையும் மூன்று தடவை சுற்றி வந்த பிறகுதான் கோடாலியைத் தூக்குகிறார். “இன்னாய்யா, கோயிலா சுத்தறே?” என்று கேட்டேன்.

“எந்தப் பக்கம் சாய ஆசப்படுதுனு பாக்க வேணாமா?” என்றார்.

“உனுக்குக் கூலி நான் குடுக்கறனா, மரம் குடுக்குதா?” என்றேன். ஆனால் இதுவரை ஒரு மரமும் தப்பாக விழவில்லை, அதையும் சொல்ல வேண்டும். மூன்று கலயம் கூழ் குடிக்கிறார்.

புன்னையால்தான் தகராறு. மேட்டில் மட்டமான இடம் அது நிற்கிற இடம் ஒன்றுதான். வெட்டிவிட்டு அங்கேயே வீட்டைப் போடுவோம் என்கிறார். என் தம்பி அதைப் பார்த்துத்தான் வருவான், கை வைத்தால் கையை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். ஆகவே வீட்டை, கை விரித்து அளந்து பத்து பாகம் தெற்கே தள்ளிச் சரிவில் போடுகிறோம். மண் கொட்டி மேடு எடுக்கவே ஒரு மாசம் ஆகும்.

சீக்கிரம் வா, குப்பா. பொன்னுரங்கம் தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்.

இருசம்மாள்

கொழும்பு
சௌமிய வருஷம், வைகாசி 28

அக்காவுக்குக் குப்பன். கோபப்படாதே. கிளம்பத்தான் மூட்டை கட்டினேன். கப்பலை இங்கே திருப்பிவிட்டார்கள், நான் என்ன செய்வேன்?

அக்கா, இங்கே உலாந்தா வெள்ளைக்காரர்கள் கட்டுகிற வீடுகளை நீ பார்க்க வேண்டுமே! ஆள் உயரத்துக்குச் சன்னல், செவ்வோடு, உள்ளேயே ஏணிப்படி. நமக்கும் ஒரு மாடி போட்டால் என்ன? மேலே என் அறை. உட்கார்ந்தபடியே முகத்துவாரம் தெரியும். அந்தக் கூலி ஆளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், நான் கீறி அனுப்பியிருக்கிற படத்தைக் காட்டு.

எனக்கு ஓர் இடத்தில் நாலு நாள் இருந்தால் ஐந்தாம் நாள் உள்ளங்கால் அரிக்கிறது. அடுத்து காலிக்குப் போகிறோம். அதன் பிறகு நேரே நம் வீடுதான். ஆடிக்குள் வருவேன், சத்தியம்.

குப்பன்

பழவேற்காடு
சௌமிய வருஷம், ஆடி 17

குப்பனுக்கு. மாடியாம் மாடி! சரிவில் ஒரு சுவர் நிற்கவே நான் மாரியம்மாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன், உனக்கு மேலே உட்கார்ந்து முகத்துவாரம் பார்க்க வேண்டுமா? உன் படத்தைக் கூழ்ச்சட்டிக்கு மூடியாக வைத்தேன். இதை எழுத மாட்டேன் என்றான் சாலமன். எழுதுடா என்றேன், எழுதிவிட்டான்.

மண்சுவர் எழும்பிவிட்டது. அறை நாலில்லை, இரண்டு. கிழக்குச் சன்னல் மட்டும் நீ கேட்டபடி வைத்திருக்கிறேன். போன வியாழக்கிழமை தலைவாசல் நிலை வைத்தோம். வீட்டு ஆம்பளை கைபிடித்துத்தான் நிலை நிறுத்த வேண்டும் என்பது உனக்கே தெரியும். நீ ஆடிக்குள் வருவேன் என்றதால் ஆனியில் இரண்டு நல்ல நாளைத் தள்ளினேன். ஆடியில் யாராவது நிலை வைப்பார்களா? மழை வருவதற்குள் கூரை ஏற வேண்டுமே என்று, ஊர் சிரித்தாலும் சிரிக்கட்டும் என்று வைத்தேன். நேரம் தவறப் போகிறது, பிடிக்க ஆள் இல்லை. தருமலிங்கத்தைப் பிடிக்கச் சொன்னேன்.

“நான் கூலிக்கு வந்தவன், நான் புடிக்கக் கூடாது”ன்னார்.

“புடிய்யா”ன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து பிடித்தார். நிலை நேராக நிற்கிறது.

இரண்டு மாசமாகக் கூலியும் வாங்கவில்லை. வீடு முடியட்டும் என்கிறார். முன்பு சோம்பேறி என்று எழுதினேன், அது தப்பு. சாலமன் இந்த இடத்தில் சிரிக்கிறான்.

தம்பி, எனக்குத் தூக்கம் வருவதில்லை. கோட்டைக்குக் கப்பல் வந்தால் வேலையைப் போட்டுவிட்டுப் புன்னையடியில் போய் நிற்கிறேன். வருவதாக இருந்தால் வா. இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிடு. வருவேன் வருவேன் என்று எழுதாதே.

இருசம்மாள்

மசூலிப்பட்டணம்
சௌமிய வருஷம், ஆவணி 25

அக்கா,

உன்னிடம் ஒன்றை மறைத்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆவணி ஒன்பதாம் தேதி வந்தது எங்கள் கப்பல்தான். கோட்டைக்கு எதிரே ஒன்றரை நாள் நங்கூரம் போட்டிருந்தோம். சரக்கு இறக்கப் படகுகள் நாலு நடை கரைக்குப் போயின. இரண்டாம் நடையில் போக வேண்டியவன் நான். என் முறையை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

மாலுமியிடம் தூரக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதலில் புன்னை தெரிந்தது. அதற்குத் தெற்கே வீடு. என் சன்னல்கூடத் தெரிந்தது. நீ மரத்தடியில் கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு கப்பலையே பார்த்தாய். இளைத்துவிட்டாய். “அக்கா” என்று கத்திவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அப்படியும் கால் படகில் இறங்கவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இறங்கினால் அந்த வீடு என்னைப் பிடித்துக்கொள்ளும் என்று பயம். நைனாவைப் போல ஒரே ஏரியில் என் நாள் எப்போது வரும் என்று கரையில் குந்திக் காத்திருக்க என்னால் முடியாது, அக்கா. ஆனால் வீடு இல்லாமலும் எனக்கு முடியாது. அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் நான் எங்கே வேண்டுமானாலும் போக முடிகிறது.

தைக்கு வரப் பார்க்கிறேன். வராவிட்டாலும் பொன்னுரங்கத்திடம் நல்லபடி பேசி என் பேரைச் சீட்டில் சேர்த்துவிடு. என் அறையை யாருக்கும் கொடுக்காதே.

ஒன்று கேட்க வேண்டும். கூரை மேல் ஓர் ஆள் உட்கார்ந்து ஓலை வேய்ந்துகொண்டிருந்தான். நீ கீழே நின்று அவனிடம் ஏதோ சொன்னாய், இரண்டு பேரும் சிரித்தீர்கள். யார் அவன்?

குப்பன்

பழவேற்காடு
சௌமிய வருஷம், தை 12

தம்பி குப்பனுக்கு அக்கா இருசம்மாள்.

உன் ஓலையைச் சாலமன் படித்துக்காட்டியபோது பாதியில் நிறுத்திவிட்டான். படிடா என்றேன். நாலு மாசமாகப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் திட்டித்தான் எழுதியிருப்பேன், நீ தாங்கமாட்டாய்.

அன்றைக்குக் கரைக்கு ஓடி, நாலு நடையிலும் வந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவனிடம் உன் பேரைச் சொல்லிக்கூடக் கேட்டேன், பாஷை புரியாமல் கையை விரித்தான். உன் முறையில் வந்தவன் அவனாகத்தான் இருக்கும்.

நேற்று சீட்டுப் போட்டார்கள். பொன்னுரங்கம் ஏரியைப் பார்த்து நின்று “கோவிந்தன் மவன் குப்பன்” என்று மூன்று தடவை கூப்பிட்டார். முதல் தடவையும் இரண்டாம் தடவையும் நான் தலையைத் தூக்கவில்லை. மூன்றாம் தடவை கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். அதற்காக இன்னும் என்மேலேயே கோபமாக இருக்கிறது.

“அடுப்பு எரியுது, ஆம்பள எங்கம்மா?” என்றார்.

தருமலிங்கம் எழுந்து நின்றார். நம்மில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. கார்த்திகையில் அம்மன் கோயில் வாசலில் எனக்குத் தாலி கட்டினார். அத்தையும் சாலமனும் இன்னும் பத்துப் பேரும் இருந்தார்கள். சபையில் கொஞ்சம் சத்தம் எழுந்தது, வெளியூர்க்காரன் என்று. “அவன் புடிச்ச நிலையிலதான இந்த வூடு நிக்குது, இன்னா பேசறீங்க?” என்று அத்தை கேட்டாள். அப்புறம் அவரையே சீட்டு எடுக்கச் சொன்னார்கள். புதன்கிழமைப் பாடு, வடக்குத் துறை. நல்ல இடம்.

கூரை மேல் இருந்தவர் யார் என்று கேட்டிருந்தாய். அவர்தான்.

பாட்டுக்குத் தோணி வேண்டுமே, நைனாவின் தோணிதான் புயலில் போய்விட்டதே. போன மாசம் புன்னையை வெட்டினோம். நான்தான் வெட்டச் சொன்னேன். அவர் மூன்று தடவைக்கு மேலும் சுற்றி வந்தார். “உன் தம்பி கேட்ட மரமாச்சே, யோசிச்சுக்கோ”ன்னார். யோசித்தாயிற்று என்றேன். விழுந்தபோது வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அது நின்றவரை கப்பல் வந்தால் என் கால் சொன்னபடி கேட்கவில்லை. இப்போது ராத்திரியில் தூங்குகிறேன்.

உன் அறையில் வலை வைத்திருக்கிறோம். சன்னல் அப்படியே இருக்கிறது.

உன்மேல் எனக்குப் பாசம் போகவில்லை, போகவும் போகாது. எப்போதாவது கால் இறங்கினால் வா, சோறு இருக்கும். கடலிலிருந்து பார்த்தால் இனி அடையாளம் ஒன்றும் தெரியாது. கரையில் இறங்கி இருசம்மாள் வீடு எது என்று யாரையாவது கேள், காட்டுவார்கள்.

இருசம்மாள்