உங்கள் பெயர் வந்த வழி

என் மார்வா அக்காவுக்கு,

நீங்கள் கூப்பிட்ட மனிதர் வந்துவிட்டார். நீங்கள்தான் உயிரோடு இல்லை.

ஸ்கொட்லாந்திலிருந்து இயன். மரபணுப் பரிசோதனை காட்டித் தந்த உங்கள் தூரத்து உறவு. ஜமேக்காவில் பிறந்த கறுப்புப் பெண்ணான உங்களுக்கும் அந்த வெள்ளைக்காரருக்கும் ஒரே குடும்பப் பெயர். நாம் வேலை செய்த முதியோர் இல்லத்தில், தொலைபேசியில் உங்கள் பெயரைக் கேட்டவர்கள் நேரில் வந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தேடுவார்களே, நினைவிருக்கிறதா?

அவரைத் தனியே சந்திக்க மாட்டேன் என்றாள் உங்கள் மகள் ஷெரில். "உது அவையின்ரை குடும்ப விசயம். நீர் ஏன் இடையிலை போறீர்?" என்று என் கணவர் தடுத்தார். "அக்கா இருந்தா என்னைத்தான் கூப்பிட்டிருப்பா. நான் போறன்" என்று விட்பியில் இருக்கும் உங்கள் வீட்டுக்குக் காரை எடுத்தேன்.

உங்கள் சாப்பாட்டு மேசையில் இயன் ஒரு படத்தை வைத்தார். பெரிய கல் மாளிகை. அவருடைய முன்னோரின் வீடு. இப்போது யாரும் போய்ப் பார்க்கலாமாம். சனிக்கிழமைகளில் அவர்தான் சுற்றிக் காட்டுகிறார்.

"இதைக் கட்டக் காசு எங்கேயிருந்து வந்ததென்று சொல்வீர்களா?" ஷெரில் கேட்டாள்.

"ஜமேக்காவில் சீனி வியாபாரம் என்று சொல்வோம்."

"அவ்வளவுதானா?"

அவர் தேநீரைப் பார்த்தார். "கரும்புத் தோட்டத்தில் அடிமைகளை வைத்திருப்பது அந்தக் காலத்து வழக்கம். எங்கள் ஆட்கள் அவர்களை நல்லபடியாகத்தான் வைத்திருந்தார்கள் என்று கேள்வி."

ஷெரில் எழுந்தாள். அவருடைய மேலங்கியை எடுத்து அவர் மடியில் போட்டாள். "போங்கள்." நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள், அக்கா?

அவர் கதவடிக்குப் போய்விட்டார். நான் பின்னாலேயே போனேன். "அக்கா உங்களை விருந்துக்குக் கூப்பிடவில்லை. இந்தப் பெயர் தனக்கு எப்படி வந்ததென்று உங்கள் வாயால் கேட்கத்தான் கூப்பிட்டார். அதைச் சொல்லிவிட்டுப் போங்கள்."

கதவின் பிடியை விடாமல் நின்றார்.

"எங்கள் முன்னோரில் ஒருவன் ஒரு பெண்ணை விலைக்கு வாங்கினான். அவளுடைய சம்மதத்தை அவன் கேட்கவில்லை. அவளுக்குப் பிறந்த தன் பிள்ளைக்குத் தன் குடும்பப் பெயரைக் கொடுத்து, அதையும் அடிமையாகவே வைத்திருந்தான்."

"அவளுடைய பெயர் என்ன?" என்றாள் ஷெரில்.

"அவனுடைய படம் அந்த மாளிகைச் சுவரில் தொங்குகிறது. அவளுடைய பெயர்கூட எங்களிடம் இல்லை."

ஷெரில் அவரை மன்னிக்கவில்லை. மறுபடி போகச் சொல்லவும் இல்லை.

நேற்று அவர் ஸ்கொட்லாந்திலிருந்து அழைத்தார். போன சனிக்கிழமை அந்தப் படத்துக்கு முன்னால் நின்று, எங்களிடம் சொன்னதை அப்படியே வந்தவர்களிடம் சொன்னாராம். சிலர் பாதியில் வெளியேறிவிட்டார்கள். இனி வரவேண்டாம் என்றது நிர்வாகம். சொந்தத் தங்கையே அவரோடு பேசுவதில்லையாம்.

"அப்படியென்றால் இந்தச் சனி?" என்று ஷெரில் கேட்டாள்.

"மாளிகைக் கேற்றுக்கு வெளியே நின்று சொல்வேன்."

"கோடையில் நானும் வருகிறேன்" என்றாள் ஷெரில். குரலில் கோபம் இறங்கவேயில்லை.

நானும் அவளோடு போகிறேன். யார் முறைத்தாலும், யார் விலகச் சொன்னாலும், உங்கள் பிள்ளையை அங்கே தனியே நிற்க விடமாட்டேன். இது என் சத்தியம்.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கை,
வசந்தி
யூனியன்வில்