நவதிருப்பதி சோப்பு

திருவள்ளூர்,
கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை.

சௌபாக்கியவதி ஜானவிக்கு அம்மாவின் ஆசீர்வாதம். இங்கே நான் சௌக்கியம், பெருமாள் சௌக்கியம், உன் அப்பாவும் சௌக்கியம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். நீயும், வயிற்றில் இருப்பதும், மாப்பிள்ளை கேசவும், குழந்தை ஸ்ரேயாவும் அந்த மழை ஓயாத ஊரில் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

ஐப்பசி பதினைந்தாம் தேதி காலை நம் அகத்தில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. முப்பத்தைந்து வருஷமாகத் தேய்த்துக் குளித்த சந்தன சோப்பைக் கைவிட்டு வேறு சோப்புக்கு மாறுவது என்று உன் அப்பா தீர்மானித்து, கிணற்றடியில் நின்று என்னைக் கூப்பிட்டு அறிவித்தார். வாக்கியப் பஞ்சாங்கத்திலிருந்து திருக்கணிதத்துக்கு மாறலாமா என்ற பேச்சு இந்த வீட்டில் பதினோரு வருஷமாக நடந்து இன்னும் முடியவில்லை, சோப்பு ஒரே காலையில் மாறிவிட்டது. பன்னிரண்டு சோப்பு. மேலுறை எல்லாம் முன்னாலேயே உரிக்கப்பட்டிருந்தது. ஏதோ பழவாசனை, நம் பக்கத்துப் பழம் இல்லை. சோப்பின் மேல் எழுத்து இருந்தது, தமிழ் இல்லை, தெலுங்கும் இல்லை. ஆந்திர எல்லையில் ஆரம்பாக்கத்தில் பிறந்த எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியும் என்பதால் உன் அப்பா யோசித்து அது மலையாளம் என்றார். திருநெல்வேலியில் வாங்கினாராம்.

இதைப் போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதுவது ஏன் என்று நீ கேட்பாய். போனில் பேசினால் அவர் பக்கத்தில் வந்து நின்று விளக்குத் திரியைச் சரிசெய்கிறார். வாட்ஸ்அப் என்றால் நான் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்துவிடுகிறார். தபாலை இந்தக் காலத்தில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

தீபாவளி கழிந்த ஐந்தாம் நாள் அவர் தனியாக யாத்திரை புறப்பட்டது உனக்குத் தெரியும். நவதிருப்பதி ஒன்பது கோயிலும் சேவித்துவிட்டு ஏழாம் நாள் திரும்புவதாகச் சொல்லி, கோயில் பூஜைக்குத் தன் ஒன்றுவிட்ட தம்பி கோவிந்தை ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். நானும் வரட்டுமா என்றதற்கு, "நீயும் வந்துட்டா பெருமாளுக்குத் தளிகை யார் பண்றது?" என்றார். பதில் இல்லாத கேள்வி என்பதால் முப்பது வருஷமாக இதையே கேட்கிறார். ஆனால் அவர் போன பிறகு சமையலறையில் பார்த்தால் இரண்டு கிலோ அவலையும் புளிக்காய்ச்சல் பாட்டிலையும் காணோம். ஒன்பது கோயிலிலும் நம்மவர்கள் இருக்கிறார்கள், இலை போடாமல் அனுப்ப மாட்டார்கள், அவல் எதற்கு? தினமும் சாயங்காலம் போன் பண்ணி இன்றைக்கு ஸ்ரீவைகுண்டம், இன்றைக்குப் பெருங்குளம் என்று ஒப்பித்தார். ஒருநாள் பின்னால் ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் ஏதோ பாஷையில் பேசிற்று. என்ன அது என்றேன். "ஆழ்வார்திருநகரி பஸ் ஸ்டாண்டு. இந்தப் பக்கமெல்லாம் இப்படித்தான் பேசுவா" என்றார்.

ஏழாம் நாள் வந்து சேர்ந்தார். ஒன்பது கோயில் சேவித்து வந்த மனிதர் கையில் ஒரு துளசி இலை இல்லை, ஒரு லட்டு உதிரி இல்லை. அதற்குப் பதில் சோப்பு, மடக்கினால் உள்பக்கம் வெளிப்பக்கமாகிற குடை ஒன்று, மூட்டையைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டுகிற சின்ன மிஷின் ஒன்று. இது எதற்கு என்றால் கத்தரிக்காய்க்காரன் எடையில் ஏமாற்றுகிறானாம், ஐம்பது கிலோ வரை பார்க்கலாமாம். எனக்குப் பூப்போட்ட புடவை ஒன்று கொண்டுவந்தார். பிரித்தேன். நாலு முழம், முந்தானையும் கிடையாது. இப்போதெல்லாம் இப்படித்தான் நெய்கிறார்கள் என்றார். வந்தபின் மூன்று நாள், நான்கு மணிக்கு எழுகிறவர் ஒன்றரைக்கே எழுந்து உட்கார்ந்திருந்தார், காலை ஒன்பதரைக்குச் சாப்பாட்டுக்கு இலை போடச் சொன்னார். நீ ஐந்து வருஷம் முன்னால் வந்தபோது மத்தியானம் வரை தூங்கிவிட்டு ஜெட்லாக் என்றாயே, அந்த வியாதி திருநெல்வேலி ரயிலிலும் ஏறுமா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அதையெல்லாம்கூட வயசு என்று விட்டிருப்பேன். விடாததற்குக் காரணம் பஞ்சகவ்யம். நம் கோயில் கட்டுப்பாடு உனக்கு மறந்திருக்காது. கர்ப்பக்கிருகத்துக்குள் போகிறவரும், பெருமாளுக்குத் தளிகை பண்ணுகிற கையும் கடல் தாண்டக் கூடாது. முப்பது வருஷம் முன்னால் கொழும்புக்கு ஒரு கும்பாபிஷேகத்துக்குப் போய்வந்த அர்ச்சகரை அடுத்த வாரமே நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியது இப்போதைய தர்மகர்த்தா குப்புராஜின் அப்பா. அந்த இடத்துக்குத்தான் உன் அப்பா வந்தார், அந்த அர்ச்சகர் காலி செய்த வீட்டுக்குத்தான் நான் குடிவந்தேன். ஆகவே ஸ்ரேயா பிறக்கும்போது நான் கடுகு, மிளகு, சுக்கு, பிரசவ லேகியம், உள்ளாடை முதல்கொண்டு மூட்டை கட்டி வைத்தும் உன் அப்பா, "நீ போனா, திரும்பி வந்து அந்தக் கையால தளிகை பண்ண முடியாது. குப்புராஜ் வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவார்" என்று சொன்னபோது மூட்டையைப் பிரித்துவிட்டேன். லேகியத்தை மட்டும் பார்சலில் அனுப்பினேன். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று நீ வீடியோவில் கேட்டாய். நெல்லிக்காய் அளவு என்று நான் விரலால் காட்டும்போது படம் நின்றுவிட்டது. நீ எலுமிச்சங்காய் அளவு சாப்பிட்டுவிட்டு இரண்டு நாள் அவஸ்தைப்பட்டாய். ஸ்ரேயாவுக்கு நாலு வயது. அவளுக்கு என்னைத் தெரியும், உள்ளங்கை அகலத்தில்.

இப்போது பஞ்சகவ்யத்துக்கு வருகிறேன். உன் அப்பா வந்த மறுநாள் பால்காரி கெங்கம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா மாமி, சாமி காலங்காத்தால சொம்பத் தூக்கிக்கினு வந்து கோமியம் கேக்குறாரு, சாணி கேக்குறாரு, ஊட்ல எதுனா தீட்டா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "அப்போ எதுனா தப்பு பண்ட்டாரா?" என்று சிரித்தாள். அவள் மாடு வைத்திருக்கிறாள், நான்கு தலைமுறையாக அவள் வீட்டார் நம்மவர்களுக்கு இதைக் கொடுத்துவருகிறார்கள், எது எதற்கு என்று அவளுக்குத் தெரியும். கொல்லைக்கு வந்து பார்த்தால் உன் அப்பா புதுப் பூணூல் போட்டுக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார். ஆவணி அவிட்டம் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. நவதிருப்பதி சேவித்தவனுக்குப் பிராயச்சித்தம் எந்தச் சாஸ்திரத்திலும் சொல்லவில்லை. உன் அப்பாவுக்கு ஒரு காரியத்தை மறைக்கத் தெரிகிறது, அதற்கு உண்டான பிராயச்சித்தத்தை விட்டுவிட மட்டும் மனசு வரவில்லை.

பிறகு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமைதோறும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து வந்து சேவிக்கிற மோகன்ராஜை உனக்குத் தெரியும், இரும்புக் கம்பெனியில் சூப்பர்வைசர், கம்பெனி செலவில் அடிக்கடி பேங்காக் போய்வந்து பிரசாதத்துக்கு நிற்கும்போதெல்லாம் அந்த ஊர்ப் படகுக் கடையையும் தங்கக் கோபுரத்தையும் உன் அப்பாவிடம் வர்ணிப்பான். அவன் கையில் புளியோதரையைக் கொடுத்துக்கொண்டே, சாமிக்குப் பேங்காக் பிடித்ததா என்று சாதாரணமாகக் கேட்டேன். தொன்னை கையிலேயே நின்றது. "மாமி, என்னை உட்டுடுங்க. சொல்லக்கூடாதுன்னு சன்னதில வெச்சி சத்தியம் வாங்கிக்கினாரு" என்றான். சொல்ல வேண்டாம், காட்டு என்றேன். போனில் ஒரு படம் காட்டினான். ஆற்றில் ஒரு படகு, படகில் ஒருவர். பேண்ட் போட்டிருந்தார், குடுமியைத் தொப்பி மறைத்திருந்தது. இவ்வளவு வருஷத்தில் உன் அப்பாவின் கால்கள் இரண்டு தனித்தனியாக நிற்பதை நான் பார்த்ததில்லை, அடையாளம் தெரியவில்லை. பிறகு நெற்றியைப் பார்த்தேன், திருமண் பளிச்சென்று இருந்தது. பேங்காக்கில் மூன்று நாள், கோலாலம்பூரில் மூன்று நாள், பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் மட்டும் இவன் எடுத்துக் கொடுத்தானாம், மற்றபடி தனியாகத்தான் சுற்றினாராம், படத்தை அங்கிருந்து அவரே அனுப்பினாராம், கடைகடையாக ஏறினாராம், நகரும் படியில் மேலும் கீழுமாக நாலு தடவை போனாராம். படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பை நான் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் கல்யாணப் படத்தில் அது இல்லை.

பாஸ்போர்ட்டையும் கண்டுபிடித்தேன். போன வருஷத்துப் பஞ்சாங்கத்தை யாரும் எடுக்க மாட்டார்கள் என்று அதற்குள் வைத்திருந்தார். ஆவணியில் போலீஸ்காரர் ஒருவர் வந்து போனாரே, உண்டியல் பாதுகாப்பு விசாரணை என்று உன் அப்பா சொன்னாரே, அது இதற்குத்தான். முத்திரைகளைப் பார்த்தேன். பெருங்குளம் சேவித்ததாகச் சொன்ன அன்றைக்குக் கோலாலம்பூரில் இறங்கியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் மனைவி பெயர் செங்கமலவல்லி என்று போட்டிருந்தது. ஆக என் பெயர் கடல் தாண்டிப் போய்விட்டு வந்திருக்கிறது. இருந்த இடத்திலேயே வைத்து மூடிவிட்டேன்.

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. குப்புராஜ் காதுக்குப் போனால் பூஜையும் போகும், வீடும் போகும், எனக்கு இந்த வயசில் வேறு கிணற்றடி தேட முடியாது. இன்னொன்று, நீ அவருக்கு வாட்ஸ்அப்பில் "யாத்திரை நல்லபடியாக அமைந்ததா அப்பா" என்று கேட்டுப் பக்கத்தில் கண்ணடிக்கிற பொம்மை ஒன்று போட்டிருந்தாய். யாத்திரை விசாரிக்கிற இடத்தில் அது என்ன பொம்மை என்று நானும் யோசித்தேன். உன்னிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

மோகன்ராஜிடம் மட்டும், உன் அப்பாவுக்குச் செய்ததையே எனக்கும் செய் என்றேன். மறுக்கிற நிலையில் அவன் இல்லை. திருவள்ளூருக்கும் சென்னைக்குமாக இரண்டு நடை, உன் அப்பாவிடம் பல் டாக்டர் என்று சொன்னேன். போன வாரம் புதன்கிழமை வாசலில் போலீஸ்காரர் வந்து நின்றார். உன் அப்பா கையில் இருந்த தீர்த்தச் சொம்பைக் கீழே வைத்துவிட்டார். "பாஸ்போர்ட் என்கொயரி சாமி" என்று அவர் ஆரம்பித்ததும் உன் அப்பா, "அதுதான் அப்பவே முடிஞ்சுதே" என்றார். "உங்களுது இல்ல சாமி, மாமியுது" என்றார் அவர். நான் கையெழுத்துப் போட்டேன், காப்பி கொடுத்தேன், அவர் போனார்.

உன் அப்பா வாசற்கதவைச் சாத்தினார். பிறகு, "செங்கமலம், கடல் தாண்டினா..." என்று ஆரம்பித்தார். கடலா, நான் நவதிருப்பதி அல்லவா போகிறேன் என்றேன். எத்தனை நாள் என்றார். மூன்று மாதம் என்றேன், ஒன்பது கோயில் இருக்கிறதே. அவர் உள்ளே போய்விட்டார். பஞ்சாங்க அலமாரி திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த எடை மிஷினை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் வைத்து, "முப்பது கிலோவுக்கு மேல விடமாட்டா. இதுல தொங்கவிட்டுப் பாத்துண்டு கட்டு. அங்கே குளிரும், நல்ல ஸ்வெட்டரா வாங்கிக்கோ" என்றார். தளிகையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து உப்பு எந்த டப்பா, வெல்லம் எந்த டப்பா என்று சமையலறையில் வந்து நிற்கிறார். நவதிருப்பதியில் எப்போதிலிருந்து குளிருகிறது என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்தபின் செய்ய வேண்டியதைப் பற்றிக் கவலை இல்லை. கெங்கம்மாள் இருக்கிறாள், அளவு உன் அப்பாவுக்குத் தெரியும்.

ஆகையால் மார்கழி முப்பது நாள் தளிகையை முடித்துக்கொடுத்துவிட்டு, பங்குனியில் உனக்கு வலி எடுப்பதற்கு முன்னால் நான் அங்கே இருக்கும்படி அழைப்புக் கடிதம் அனுப்பு. விசாவுக்கு அது வேண்டுமாம். மோகன்ராஜின் மெயிலுக்கு அனுப்பு, உன் அப்பா போனுக்கு வேண்டாம். வருகிற காரணம் என்று கேட்டிருக்கும் இடத்தில் பிரசவம் என்றே எழுது, யாத்திரை என்று எழுதிவிடாதே, நம் குடும்பத்தில் அந்தச் சொல்லை இனி யாரும் நம்ப மாட்டார்கள். ஸ்ரேயாவை இடுப்பில் தூக்காதே. ஈரத் தலையோடு வெளியே போகாதே. லேகியம் நான் வரும்வரை தொடாதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. பெருமாள் உங்கள் மூவரையும் ஐவராக்கிக் காப்பாற்றட்டும், வயிற்றில் இருப்பதையும் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

உன் நல்லதையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
செங்கமலவல்லி.

பின்குறிப்பு: பாஸ்போர்ட் நேற்றுத் தபாலில் வந்தது. என்னோடு கடல் தாண்ட, கடைசிப் பக்கத்தில் கணவர் பெயர் ஸம்பத்குமார் என்று அச்சிட்டிருக்கிறது.