வேதாந்தம் விட்டுவிட்ட ஸ்டேஷன்

1942

பிப்ரவரி 8, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்து துணி தோய்த்தேன். விமானம் குண்டு போடும் என்ற பயத்தில், விளக்கு வெளியே தெரியாதபடி ஜன்னல் கண்ணாடிக்கு ஒட்டக் கறுப்புக் காகிதம் வாங்கியாயிற்று. பசை காய்ச்ச மாவு இல்லை. வடித்த கஞ்சி போதும் என்கிறாள் அம்மா. ஒட்டிப் பார்த்தேன். ஒரு மணி நேரம் நின்றது, பிறகு உரிந்து விழுந்தது.

மாலை ஐந்து மணிக்கு வழக்கம்போல் வேதாந்தம் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்று செய்தித்தாள் கேட்டார். பக்கத்து வீட்டுப் பின்கட்டுக்கு அவர் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, தானே சமைத்துக்கொள்கிறார். ஐயங்கார் மனுஷர் மாடவீதிப் பக்கம் வீடு பார்க்காமல் சாந்தோமில் எங்களைப் போன்ற வேதக்காரக் கிறிஸ்தவர்கள் நடுவே ஏன் வந்தார் என்று தெருவுக்கே கேள்வி. கடல் காற்றுக்கு என்பார்.

பேப்பரைத் திருப்பித் தரும்போது ஒரு ரயில் கதையும் சேர்ந்து வரும். இன்றைக்கு, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாயில் குளித்துக்கொண்டிருந்த கலெக்டர் கதை. நன்றாகவே சொல்கிறார். அம்மா மட்டும் ரயில் பேச்சு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று வேதாந்தம், தான் முதலில் வேலை பார்த்த கிளைப் பாதையின் ஸ்டேஷன்களை வரிசையாகச் சொன்னார். எந்த ஸ்டேஷனில் மோர் நன்றாக இருக்கும், எங்கே குரங்கு தொல்லை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. நான் பிறந்தது அந்தப் பாதையில்தான். ஆறு வயது வரைக்கும் ஸ்டேஷன் வீட்டில் வளர்ந்தவள். வரிசை எனக்கும் மனப்பாடம்.

"கொன்றையடியை விட்டுட்டீங்களே" என்றேன்.

அவர் பேப்பரை நாலாக மடித்தார். "விட்டுட்டேனோ?" என்றார். உள்ளே போய்விட்டார்.

யோசித்துப் பார்க்கிறேன். இந்த மூன்று வருஷத்தில் அவர் சொன்ன கதைகளில் கொன்றையடி ஒரு தரம்கூட வந்ததில்லை.

மார்ச் 3, செவ்வாய்

பன்னிரண்டு நாளாக அவர் பேப்பர் கேட்க வரவில்லை. கிணற்றடியில் பார்த்தால் தலையை ஆட்டுகிறார், அவ்வளவுதான்.

எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். கொன்றையடியில் என் அப்பா ராஜநாயகம் அசிஸ்டெண்ட் ஸ்டேஷன் மாஸ்டர். ஒற்றைத் தண்டவாளம். அடுத்த ஸ்டேஷன்காரர் தந்தியில் "லைன் கிளியர்" கொடுத்தால்தான் இங்கிருந்து வண்டியை விடலாம். 1911-இல் ஒரு மழை நாள் மத்தியானம், லைன் கிளியர் இல்லாமலே அப்பா பாசஞ்சரை விட்டுவிட்டார் என்றது விசாரணை. அடுத்த ஸ்டேஷனில் நின்றிருந்த கூட்ஸில் அது மோதியது. மழையில் டிரைவருக்குக் கைகாட்டி தெரியவில்லையாம். இரண்டு பேர் செத்தார்கள். அப்பாவுக்கு வேலை போயிற்று. பட்டணம் வந்து சேர்ந்த இரண்டாம் வருஷம் அவரும் போய்விட்டார். எனக்கு அப்போது எட்டு வயது, தம்பி வில்லியமுக்கு நாலு.

அந்த இரண்டு வருஷமும் அம்மா அவரோடு பேசியதில்லை. தட்டை வைப்பாள், நகர்ந்துவிடுவாள். அவளுடைய அண்ணன் ஒருவர் எஞ்சின் ஃபயர்மேனாக இருந்து வேறொரு விபத்தில் செத்தவர். அதனால் இருக்கலாம்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

கோவிலில் பாதிப் பெஞ்சுகள் காலி. ஜனங்கள் இப்போதே ஊரை விட்டுப் போகத் தொடங்கிவிட்டார்கள்.

ஏப்ரல் 13, திங்கள்

விசாகப்பட்டினத்தில் ஜப்பான்காரன் குண்டு விழுந்ததிலிருந்து ஊர் ஊராக இல்லை. வேலை இல்லாதவர்கள் பட்டணத்தை விட்டுப் போகலாம் என்று சர்க்காரே சொல்லிவிட்டது. எங்கள் சந்தில் ஏழு வீட்டில் பூட்டு. பள்ளிக்கூடம் மூடியாயிற்று.

நொச்சிக்குப்பம் கங்கம்மா மட்டும் மீன் கூடையோடு வந்தாள். "இன்னா டீச்சரம்மா, ஊரே காலி ஆய்க்கினு கீது, நீங்க போவல?"

"நீ போகலையா?"

"கடல வுட்டுட்டு நாங்க எங்க போறது? அவன் கப்பல் வந்தா மொதல்ல எங்களாண்டதான் வரணும். வந்தா கேப்பான், மீன் இன்னா வெலன்னு."

பெங்களூரிலிருந்து வில்லியம் கடிதம், உடனே கிளம்பி வரச் சொல்லி. அம்மா படிக்கச் சொல்லிக் கேட்டாள். "சாகறதா இருந்தா வீட்டுல சாகறேன்" என்றாள். நானும் வற்புறுத்தவில்லை. எழும்பூரில் ஜனங்கள் வண்டி ஜன்னல் வழியாக மூட்டையையும் பிள்ளைகளையும் திணிக்கிறார்களாம்.

ஏப்ரல் 16, வியாழன்

காலையில் வேதாந்தம் வாசல் வழியாக வந்தார். இதுவரைக்கும் அவர் எங்கள் வாசல் படி ஏறியதில்லை. அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள். அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்.

"டீச்சர், நாளைக்கு என் மருமான் வந்து கும்பகோணத்துக்கு அழைச்சிண்டு போறான். போறதுக்கு முந்தி இதைக் கொடுத்துடணும்" என்று நாலு பக்கக் காகிதம் ஒன்றை நீட்டினார். நின்றுகொண்டே படித்தேன்.

கொன்றையடிக்கு அடுத்த ஸ்டேஷனில் அன்று தந்திக் கருவியில் உட்கார்ந்திருந்தவர் இவர். அப்பா லைன் கிளியர் கேட்டார். இவர் கொடுத்தார். வாசலில் கூட்ஸ் நிற்பதை எட்டிப் பார்க்காமல் கொடுத்தார். மோதிய பிறகு அங்கிருந்த மாஸ்டர் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதச் சொன்னார். எழுதினார். விசாரணையில், கொடுக்கவே இல்லை என்று சத்தியம் செய்தார்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"பயம். இருபத்தெட்டு வயசு. அப்பா கிடையாது, ரெண்டு தங்கை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன... நன்னாத்தான் இருந்தேன் டீச்சர். அதைச் சொல்லத்தான் வெக்கமா இருக்கு. தூங்கினேன், சாப்பிட்டேன், புரமோஷன் வந்தது. ரிட்டயர் ஆன அன்னிக்கு மாலை போட்டு ஆத்துல கொண்டுவந்து விட்டா. மாலையைக் கழட்டி ஆணியில மாட்டறச்சே உங்க அப்பா ஞாபகம் வந்தது. அதுக்கு முன்னாடி வரவே இல்லைன்னு இல்லை. அன்னிக்கு வந்தது போகலை."

கோவில் கோவிலாக விசாரித்து எங்களைக் கண்டுபிடித்திருக்கிறார். அப்பா இறந்த விஷயம் இங்கே வந்த பிறகுதான் தெரிந்ததாம். சொல்லிவிடுவோம் என்று மூன்று வருஷமாக ஒவ்வொரு நாளும் சுவரோரம் வந்து நின்று, பேப்பர் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்னா மனுஷன் இந்த ஆளு! மூணு வருஷமா என் பேப்பரை வாங்கிப் படிச்சிக்கிட்டு, குரங்கு கதையும் கலெக்டர் கதையும் சொல்லிக்கிட்டு — நானும் சிரிச்சிருக்கேனே.

மருமான் வந்து வெகுநேரம் நின்றான். இவர் போக மாட்டேன் என்றுவிட்டார். வண்டி காலியாகத் திரும்பிற்று.

ஏப்ரல் 29, புதன்

அம்மாவிடம் சொல்வதா வேண்டாமா?

சொன்னால் அப்பா மேல் குற்றம் இல்லை என்று ஆகும். அப்படியானால் அந்த இரண்டு வருஷம்? இந்த வயதில் அதைக் கொண்டுபோய் அவள் தலையில் வைப்பதா? சொல்லாவிட்டால் வேதாந்தம் செய்ததையே நானும் செய்கிறேன்.

பிலிப் வீட்டார் என்னைப் பெண் கேட்டு வந்தது ஏனோ நினைவு வந்தது. ரயில்வே குடும்பம். "அந்த ராஜநாயகமா?" என்று கேட்டார்களாம். அதோடு நின்றது. அப்போது எனக்கு இருபத்து மூன்று. இப்போது அதைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை.

மே 5, செவ்வாய்

சொல்லிவிட்டேன். மத்தியானம், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். காகிதத்தை முழுவதும் படித்துக் காட்டினேன். பொறுக்கிக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "இன்னொரு தரம் படி" என்றாள். படித்தேன்.

"யாரு, இந்தப் பக்கத்து வீட்டு ஆளா?"

"ஆமாம்மா."

முறத்தைத் தட்டி வைத்துவிட்டு எழுந்தாள். உலை வைக்கவில்லை.

மே 7

அம்மா இன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர் மட்டும்.

மே 8, வெள்ளி

காலையில், "அந்த ஆளக் கூப்பிடு" என்றாள்.

வேதாந்தம் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்றார். அம்மா நாற்காலியில். கத்துவாள் என்று நினைத்தேன். அவரும் அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார் போல.

"அன்னிக்கு அவரு தந்தியில என்ன சொன்னாரு?" என்றாள்.

"லைன் கிளியர் கேட்டார். கொடுத்தேன். உடனே தேங்க்ஸ்னு அடிச்சார். அந்த லைன்ல வேற யாரும் அப்படி அடிக்க மாட்டா. அவர் ஒருத்தர்தான்."

"வேற?"

"அன்னிக்கு வேற ஒண்ணும் இல்லை."

"சரி, போங்க."

அவர் போன பிறகு கஞ்சி கேட்டாள். ஊற்றிக் கொடுத்தேன்.

மே 12, செவ்வாய்

அம்மா தானாகவே சுவரோரம் போய் நின்று அவரைக் கூப்பிட்டாள். "வேற நாளெல்லாம் என்ன பேசுவாரு?"

எனக்கு இப்போதுதான் புரிகிறது. அப்பாவைத் தெரிந்தவர்கள் என்று உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லை. எனக்கு அவர் முகமே கலங்கலாகத்தான் நினைவிருக்கிறது. இந்த மனிதரோ அப்பாவை நேரில் பார்த்தது நாலைந்து தரம்தான். ஆனால் மூன்று வருஷம் தினமும் கம்பி வழியாகப் பேசியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் தந்தி அடிக்கும் கை வேறு வேறாம். அப்பாவின் கை நிதானமானதாம், வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டு அடிப்பாராம்.

"வண்டி ஏதும் இல்லாத நேரத்துல, 'உங்க ஊர்ல மழையா'ன்னு கேப்பார். பையன் பொறந்த அன்னிக்கு லைன் பூரா அடிச்சுட்டார். அம்மாவும் பிள்ளையும் சௌக்கியம்னு."

"அப்படியா அடிச்சாரு?" என்றாள் அம்மா. "என்னையும் சேத்தா?"

"அம்மா முதல்ல, பிள்ளை அப்புறம். நன்னா ஞாபகம் இருக்கு."

ஜூலை 6, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. என் வகுப்பில் பதினொரு பேர். பூட்டியிருந்த வீடுகளில் மூன்று திறந்திருக்கின்றன. மாலையில் நான் வரும்போது இரண்டு பேரும் சுவரோரம் இருக்கிறார்கள், அம்மா இந்தப் பக்கம் முக்காலியில், அவர் அந்தப் பக்கம் நின்றபடி. உட்காருங்கள் என்று அம்மா சொன்னதில்லை.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

கங்கம்மா என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டாள். "ஐயரும் உங்கம்மாவும் டெய்லி இன்னா பேசிக்கினு கீறாங்க? ஐயரு அழுவுறாரு, உங்கம்மா அழுவல."

ரயில் கதை என்றேன்.

"ரயிலுக்கா அழுவாங்க?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 22, செவ்வாய்

வேதாந்தம் தன் வாக்குமூலத்தை ரயில் கம்பெனிக்கும் அனுப்பியிருந்தார். பதில் வந்துவிட்டது, மூன்று வரியில். அந்த வருஷத்துப் பதிவேடுகள் இப்போது இல்லை, மேற்கொண்டு எடுக்கும் நடவடிக்கை எதுவும் இல்லை. தண்டனை வரும் என்று எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. கடிதத்தை வைத்துக்கொண்டு ஏமாந்தவர் மாதிரி நின்றார்.

அம்மா, "அதுல அவரு பேரு போட்டிருக்கா?" என்று கேட்டாள். போட்டிருந்தது. பெயர் இருந்த இடத்தைக் காட்டச் சொல்லி விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

நவம்பர் 2, திங்கள்

இறந்தோர் திருநாள். அப்பா பெயருக்கு அம்மா பூசை சொல்லியிருந்தாள். இதுதான் முதல் தடவை. சாமியார் பெயரை வாசித்தபோது அவள் பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

டிசம்பர் 17, வியாழன்

இரண்டு நாளாக விடாத மழை. நடுவே சிறிது விட்டபோது அம்மா குடையோடு பக்கத்து வீட்டுக்கே போய்விட்டாள். தேடிக்கொண்டு போனேன். வேதாந்தத்துக்குக் காய்ச்சல், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். அம்மா கதவோரம் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் வந்ததைப் பார்த்தாள். நிறுத்தவில்லை.

"உங்க தப்புக்கு நீங்க காயிதம் எழுதிக் குடுத்துட்டீங்க. எனக்கு எழுதத் தெரியாது. வாயால சொல்லிடறேன். அவரு ஒரே ஒரு தரம்தான் சொன்னாரு, நான் கேட்டுத்தான் வண்டிய விட்டேன் ஆலிஸுன்னு. ரெண்டு உசுரை வாங்கிட்டு உக்காந்து சோறு திங்கிறியேன்னு கேட்டேன். புருஷனை 'நீ'ன்னு பேசினது அன்னிக்குத்தான். கையில எடுத்த சோத்தைத் தட்டுலயே போட்டுட்டாரு. அப்புறம் சாகிற வரைக்கும் நான் இருக்கிற இடத்துல அவரு சாப்பிடல. நான் நகந்து போனப்புறம்தான் சாப்பிடுவாரு. சாமியார்கிட்டகூட இதைச் சொன்னதில்ல."

அவள் நகர்ந்ததற்கு நான் இத்தனை வருஷமாக வேறு காரணம் எழுதிவைத்திருக்கிறேன்.

வேதாந்தம் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. "அதுவும் என்னாலதான்" என்றார்.

"இல்ல. அது நான் சொன்னது. அதை நீங்க எடுத்துக்காதீங்க" என்றாள் அம்மா.

நான் அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. அது விடும்வரை மூன்று பேரும் அந்த அறையிலேயே இருந்தோம்.

1943

ஜனவரி 9, சனி

அரிசிக்கு வரிசை. இரண்டரை மணி நேரம். கிடைத்தது புழுங்கல், அதுவும் நாற்றம்.

மார்ச் 14, ஞாயிறு

மாலை, விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். சுவரோரம் சத்தம் பெரிதாகக் கேட்டது. போய்ப் பார்த்தால் சண்டை. இப்போது தியாகராய நகர் இருக்கும் இடத்தில் முன்பு ஏரி இருந்ததே, ரயிலிலிருந்து பார்த்தால் அதில் தண்ணீர் எவ்வளவு தெரியும் என்று.

"தண்டவாளம் வரைக்கும் அலையடிக்கும்மா. நான் அந்த வழியா எத்தனை தரம் போயிருக்கேன்!"

"நானும்தான் சைதாப்பேட்டைக்குப் போயிருக்கேன். தூரத்துல கோடு போட்ட மாதிரி தெரியும், அவ்வளவுதான். அலையாம் அலை! மாஸ்டரு வண்டியில தூங்கிட்டு வந்திருப்பீரு."

"ஐரின், நீ சொல்லுடி" என்று என்னிடம் திரும்பினாள் அம்மா. எனக்கு நினைவில்லை என்றேன். இரண்டு பேருக்கும் என் மேல் கோபம்.

உள்ளே வந்து மிச்சத் தாள்களைத் திருத்தினேன். விளக்கு வைக்கும் வரை சண்டை ஓடியது. அப்பா பேச்சு வரவில்லை.