அஃப்ஷீன் இல்லாத பத்து ஆல்பங்கள்

டிசம்பர் 3, 2025, புதன்

என் வலைப்பக்கத்துக்கான இந்த வருடத்தின் சிறந்த பத்து ஆல்பங்கள் பட்டியலை ஆரம்பித்துவிட்டேன். கேட்டது நாற்பத்து மூன்று ஆல்பம். ஏழு தேறியிருக்கிறது. இன்னும் மூன்று வேண்டும்.

முதலிடம் இப்போதைக்குக் கொச்சிக்காரர்களின் 'ஈரச்சுவர்'. இரண்டு கிட்டாரும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமலே போய், கடைசிப் பாட்டில்தான் சேர்கின்றன. இரண்டாவது, ஷில்லாங் மூவர் குழு. டிரம்ஸைக் குளியலறையில் வைத்துப் பதிவு செய்த மாதிரி ஒரு முழக்கம். பெங்களூரிலிருந்து ஒருத்தர் தனியாகப் பாடியது, மொத்தமே இருபத்திரண்டு நிமிடம் — அதற்கு மூன்றாம் இடமா, நான்காம் இடமா?

சண்டை போட ஆள் இல்லை. போன வருடம் வரை அஃப்ஷீன் இருந்தாள். கல்லூரி விடுதியில் ஒரே அறை, பதினான்கு வருடப் பழக்கம். டிசம்பர் ஞாயிறுகளில் உக்கடத்திலிருந்து பஸ் ஏறி துடியலூருக்கு என் அறைக்கு வருவாள். ஆளுக்கொரு இயர்போன் முனை. நான் நான்கு என்றால் அவள் ஒன்று என்பாள்.

மூன்று என்றே எழுதிவிட்டேன். யார் கேட்கப்போகிறார்கள்.

டிசம்பர் 5

கம்பெனியில் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுச் சோதிப்பது என் வேலை. இன்று நான் பேசியது மொத்தம் இவ்வளவு: "இந்த மோட்டார்ல பேரிங் சத்தம் வருதுங்க."

டிசம்பர் 7, ஞாயிறு

அந்தியூரிலிருந்து அம்மா போன். "சாப்பிட்டியா கண்ணு? அந்த அப்சீனு புள்ள வருதா?"

"வேலையா இருக்காம்மா."

"ஒரு வருசமாவா?"

அம்மாவிடம் சொல்லாததை இங்காவது எழுதிவிடுகிறேன்.

அஃப்ஷீன் நான்கு பேரோடு சேர்ந்து ஒரு ராக் பேண்ட் வைத்திருந்தாள். பாடியது அவள். போன வருடம் முதல் ஆல்பம் வந்தது. ஆறு மாதம் அவர்களுடைய ஒத்திகை அறையில் மூலையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு முறையும் "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றேன். டிசம்பரில் என் வலைப்பக்கத்தில் வந்த பட்டியலில் அந்த ஆல்பம் இல்லை. ஏன் இல்லை என்று அடியில் ஒரு குறிப்பும் எழுதினேன். "பாடகி எதற்கோ பயந்து பாடுகிறார். பயந்த குரலுக்கு ராக் எதற்கு?"

தோழி என்றாலும் தயவு பார்க்காதவள் என்று பேர் வாங்க ஆசை. முந்நூறு பேர் படித்தால் அதிகம், அந்த முந்நூறு பேரிடம்.

அன்று மாலை அவள் போனில் கூப்பிட்டாள். "எழுதினது தப்புன்னு சொல்லல கயலு. எங்கிட்ட மொதல்ல சொல்லிருக்கலாம்ல. ஊருக்குச் சொல்லிப்போட்டியே."

உண்மையத்தானே எழுதினேன், என்றேன். வைத்துவிட்டாள். அதுதான் கடைசி.

டிசம்பர் 13, சனி

காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ரவிதேஜாவைப் பார்த்தேன். அந்த பேண்டில் டிரம்ஸ் வாசித்தவர். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். அவரே வந்து பேசினார்.

"பேண்ட் சித்திரையிலயே கலைஞ்சு போச்சுங்க. தெரியாதுங்களா?"

"நான் எழுதினதாலயா?"

சிரித்துவிட்டார். "அட நீங்க வேற. ரெண்டு பேருக்கு சென்னைல வேலை கெடச்சுதுங்க, போயிட்டாங்க. உங்க ஒரு வரிக்கு அவ்வளவு பலமெல்லாம் இல்லீங்க." பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "ஆனா அஃப்ஷீன் அப்பறம் பாடலைங்க. மழலையர் பள்ளில டீச்சரா இருக்காங்க."

பஸ் முழுக்க அந்த 'ஆனா'தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

அந்த ஆல்பத்தை இன்று திரும்பக் கேட்டேன். ஒரு வருடமாகத் தொடவில்லை.

இப்போதும் பயம் கேட்கிறது. அதில் மாற்றமில்லை. ஆனால் மூன்றாம் பாட்டு பதிவான நாள் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒவ்வொரு வரி முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு, கம்பெனியில் மோட்டாரைக் கேட்பேனே, அதே மூஞ்சியோடு உக்காந்திருந்தேன். வாய் மட்டும் நல்லாருக்குன்னு சொல்லுச்சு. பதினாலு வருசமா என் மூஞ்சியப் பாக்கறவளுக்குத் தெரியாதா?

எதற்கோ பயந்து பாடுகிறார் — எதற்கோ இல்ல. எனக்குத்தான். எனக்குப் பயந்துதான் பாடியிருக்கா.

டிசம்பர் 16

ஆறு முறை மெசேஜ் அடித்து அழித்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

போனேன். கோட்டைமேடு, அவர்கள் வீடு. கதவைத் திறந்தது அவள் அப்பா அமீர் ஹம்சா. "வாம்மா கயலு. எத்தன நாளாச்சு, உக்காரு" என்று மின்விசிறியைப் போட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது போல. தெரிந்தும் காட்டிக்கொள்ளவில்லையோ என்னவோ.

அஃப்ஷீன் வந்தாள். அவர் டீ சொல்ல உள்ளே போனார்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றேன்.

"எதுக்கு? எழுதினதுக்கா, ரூம்ல நல்லாருக்குன்னு சொன்னதுக்கா?"

"நல்லாருக்குன்னு சொன்னதுக்கு."

நேராகப் பார்த்தாள். "செரி. அத ஏத்துக்கறேன்."

டீ வந்தது. குடித்தோம். பள்ளியில் ஒரு குழந்தை தினமும் அவள் துப்பட்டாவில் மூக்கைத் துடைக்கிறது என்று சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும்தான். ஆனால் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னாள்: "நானா கூப்பிடற வரைக்கும் கூப்பிடாத கயலு. கோவமில்ல. உன் காது இல்லாம கொஞ்ச நாள் இருந்து பாக்கறேன்."

உக்கடம் வரைக்கும் நடந்தே வந்தேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

ரவிதேஜா ஒரு லிங்க் அனுப்பினார். கீழே ஒரு வரி: "எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்ங்க."

அஃப்ஷீன். தனியாக. ஐந்து பாட்டு, ஒரே கிட்டார். பின்னால் மின்விசிறிச் சத்தம். ஓரிடத்தில் குக்கர் விசில். நான்காம் பாட்டில் மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது. அதை அப்படியே விட்டிருக்கிறாள்.

பயமே இல்லை. யாரும் இல்லாத வீட்டில் பாடுகிற குரல்.

மூன்று முறை கேட்டேன். சந்தோசமாத்தான் இருக்கு. அப்பறம் ஏன் அழுகை வருது? நான் அங்க இல்லாததாலதான் இது வந்திருக்கு. அதுதான்.

டிசம்பர் 31, புதன்

பட்டியல் போட்டுவிட்டேன். பத்து ஆல்பம். முதலிடம் 'ஈரச்சுவர்'. அது பொய். முதலிடம் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

அஃப்ஷீனுடையதைப் போடவில்லை. ஊருக்குச் சொல்வதற்கு முன் அவளிடம் சொல்ல வேண்டும். கூப்பிடாதே என்றிருக்கிறாள்.

ஜனவரி 2, 2026

ஒன்றுமில்லை.

ஜனவரி 5, திங்கள்

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து பெரியநாயக்கன்பாளையம் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். போன். அவள்.

"லிஸ்ட் பாத்தேன். என்னோடது இல்ல."

"இல்ல."

"கேக்கலையா?"

"கேட்டேன். பதினோரு தடவ. உங்கிட்ட சொல்லாம போட வேண்டாம்னு விட்டேன்."

அவள் தெருவில் ஒரு ஆட்டோ போனது கேட்டது.

"செரி, சொல்லு. போன்ல உன் மூஞ்சிதான் தெரியாதே."

சொன்னேன். நான்காம் பாட்டில் குரல் உடைகிற இடத்தை மட்டும் எத்தனை முறை கேட்டேன் என்று. இரண்டாம் பாட்டின் முடிவு இழுக்கிறது, ஒரு நிமிடம் முன்னாலேயே நிறுத்தியிருக்கலாம் என்று.

"அதெல்லாம் இல்ல" என்றாள். "அது அப்படித்தான் முடியணும்."

"எனக்கு இழுக்குது."

"உனக்கு இழுக்கட்டும்."

துடியலூர் பஸ் இரண்டு போய்விட்டது. நாங்கள் இன்னும் இரண்டாம் பாட்டிலேயே இருந்தோம்.